காது முளைத்த இலை

மோதி பாக், புது டெல்லி
14-10-2001

அன்புள்ள சாந்தகுமாரிக்கு,

உன் மாமா வடிவேல் எழுதுவது. யாரிடமும் சொல்லி எழுத வைத்தது இல்லை, என் கையாலேயே எழுதுவது. நம்பாவிட்டால் சகலை கலியமூர்த்தியிடம் காட்டு. இவ்வளவு கோணலாக வேறு யார் எழுதப் போகிறார்கள்? நானும் முருகனும் மருமகளும் சுகம். நீயும் சகலையும் சுகந்தானா? அவருடைய முழங்கால் வலி தேவலையா?

உன் அக்கா முத்தம்மா போய்ச் சேர்ந்த பிறகு மத்தியானங்கள் ரொம்பப் பெரிதாகிவிட்டன, சாந்தா. சும்மா கட்டிலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பார்த்து வத்சலா அம்மாவுக்கே பொறுக்கவில்லை. முத்தம்மா அத்தனை வருஷம் வேலை செய்த வீட்டு அம்மா. "வாங்க வடிவேல், அ ஆ படிக்கலாம்" என்று கூப்பிட்டார்கள். அறுபத்தெட்டு வயதில் எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது வெட்கம் எல்லாம் இல்லை. ஊதுபத்தி அட்டை படிக்கிறேன். மலை மந்திர் முருகன் கோவிலில் ஒட்டியிருக்கும் நோட்டீசு எல்லாம் படிக்கிறேன். இந்த ஊரில் பஸ் போர்டு பூராவும் இந்தி, அதனால் படித்தவன் ஆகியும் பஸ்ஸை விசாரித்துத்தான் ஏறுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வத்சலா அம்மா வீட்டுக்காரர் சேஷன் சார் ஜனவரியோடு ரிடையர் ஆகி மெட்ராஸ் போகிறார். பின்னால் இருக்கும் எங்கள் குவார்ட்டரையும் காலி செய்ய வேண்டும். நான் திரிலோக்புரிக்கு, முருகன் இருக்கும் இரண்டாவது மாடி ரூமுக்குப் போகிறேன். அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு சிமெண்டுப் பலகை உண்டு. "ஒரே ஒரு தொட்டி வச்சுக்கங்க மாமா, ரெண்டு வச்சா பலகையே கீழ வந்துடும்" என்று மருமகள் சொல்லிவிட்டாள்.

இங்கே பின்சுவர் ஓரம் முத்தம்மா தொட்டியில் வைத்த செடிகள் மூன்று இருக்கின்றன. மூன்றிலும் வெள்ளைப் பூதான் பூக்கும். அவள் மூன்றையும் கலந்து கட்டித் தலையில் வைத்துக்கொள்வாள். அதில் ஒன்று மட்டும் உன் வீட்டுச் செடி. சாயந்திரம் தண்ணீர் ஊற்றும்போது அதற்கு மட்டும் பெயர் சொல்லிப் பேசுவாள். "சாந்தா, தண்ணி போதுமாடி?" என்பாள். "சாந்தா, இன்னைக்கு வெயில் பார்த்தியா?" என்பாள். நான் கட்டிலில் படுத்து ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பேன். குரல் காதில் விழும். எந்தச் செடி முன்னால் நின்று பேசினாள் என்று ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி ஏப்ரல் வரைக்கும் இங்கே பூ கிடையாது. பூவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதற்குள் வீட்டைக் காலி செய்துவிடுவோம். நீ கொடுத்தது என்ன செடி, இலை எப்படி இருக்கும் என்று எழுது. அதைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதை எழுத இரண்டு டீ ஆறிவிட்டது. சந்தோஷமாக இருக்கிறது.

உன் மாமா,
வடிவேல்


மோதி பாக்
25-11-2001

அன்புள்ள சாந்தாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். குளிர் வந்துவிட்டது. அங்கே மழை உண்டா? சகலை எப்படி இருக்கிறார்?

என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. என் எழுத்து உனக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். அதனால் இந்தத் தடவை பெரிது பெரிதாக எழுதுகிறேன். நீ கொடுத்த செடி என்ன செடி? இலை எப்படி இருக்கும்? இவ்வளவுதான் கேள்வி.

இன்று காலையில் பனி மூட்டத்தில் சுவரே தெரியவில்லை. மூன்று செடியும் எங்கோ தொலைவில் நிற்கிற மூன்று பெண்கள் மாதிரி இருந்தன. கிட்டே போன பிறகுதான் செடி ஆயின.

பதில் எதிர்பார்க்கும்,
வடிவேல்


வி. மாமந்தூர், சின்னசேலம் வழி
6-12-2001

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு சாந்தகுமாரி வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நல்லபடியாக இருக்கிறோம். அவருக்கு முழங்கால் அப்படியேதான். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் கடிதமே நன்றாகப் புரிந்தது. பதில் எழுத நேரம் வரவில்லை.

நான் அக்காவுக்கு எந்தச் செடியும் கொடுக்கவில்லை. அம்மா செத்தபோது அக்கா ரயிலேறி வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதாடி?" என்று கேட்டாள். சித்திரை மாசத்து வெயிலில் எப்படி வைத்திருக்க முடியும் மாமா? அந்தத் தடவை இரண்டு பேரும் சரியாகப் பேசிக்கொள்ளவே இல்லை. பிறகு அவள் வரவும் இல்லை. அப்படி இருக்கும்போது செடி எங்கே கொடுப்பது?

ஆனால் எங்கள் கிணற்றடிச் செடி முல்லை. கேட்டதற்காகச் சொல்கிறேன். முல்லை இலைக்குக் காது உண்டு. பெரிய இலை ஒன்று இருக்கும். அதன் காம்பில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, குன்றிமணி அளவில் இரண்டு குட்டி இலை. தடவினால் இலை மெத்தென்று இருக்கும். அதுதான் அடையாளம்.

வேறு யார் வீட்டிலாவது வாங்கியிருப்பாள்.

சாந்தகுமாரி


மோதி பாக்
16-12-2001

அன்புள்ள சாந்தாவுக்கு,

உன் கடிதம் வந்தது. நானே உறையைப் பிரித்தேன், நானே படித்தேன். மூன்று தடவை படித்த பிறகுதான் முருகனிடம் காட்டினேன். நான் சௌக்கியம். சகலைக்கு நல்லெண்ணெயில் கொஞ்சம் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவச் சொல்.

நீ கொடுக்கவில்லை என்கிறாய். ஆனால் அவள் 'சாந்தா வீட்டுச் செடி' என்றுதான் சொன்னாள். அது நன்றாக நினைவிருக்கிறது. ஊரிலிருந்து வந்து இறங்கியபோது டிபன் கேரியரின் மேல் அடுக்கில் ஈரத்துணி சுற்றி ஒரு குச்சி வைத்திருந்தாள். நான் கறிவேப்பிலை என்று நினைத்தேன். "சாந்தா குடுத்தாளா?" என்று கேட்டேன். "குடுத்த மாதிரிதான்" என்றாள். அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நான் எதையுமே கேட்க மாட்டேன்.

சரி, இப்போது பார். மூன்று செடியிலும் ஒவ்வொரு இலை பறித்து, தாளில் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டிருக்கிறேன். இன்லண்ட் லெட்டருக்குள் எதையும் வைக்கக் கூடாது என்று வத்சலா அம்மா சொன்னார்கள். கோடு வைக்கலாம் அல்லவா?

முதல் இலை தண்ணீர்க் குழாய் பக்கத்துச் செடி. தனி இலை, தடிப்பு, எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். ஒரு கணுவில் இரண்டு இலை, சில இடத்தில் மூன்று.

இரண்டாவது வாசலை ஒட்டினது. ஒரே காம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வரிசையாகக் குட்டி இலைகள், நுனியில் மட்டும் ஒன்று கூர்மையாக நீண்டிருக்கும். கொடி உருண்டையாக இல்லை, விரலில் முனை தட்டுகிறது.

மூன்றாவது மூலையில் இருப்பது. தனி இலை. மினுங்காது. மேலே பூனைக்குட்டி மயிர் மாதிரி இருக்கிறது. காது இல்லை. கண்ணாடி போட்டுக்கொண்டும் பார்த்தேன்.

இதையெல்லாம் பார்க்கிற நேரத்தில் வெயில் நகர்ந்து போய்விடுகிறது. நானும் கட்டிலோடு நகர்கிறேன். அவள் போன பிறகு அவள் பார்த்ததையெல்லாம் நான் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன் என்று தோன்றியது. உடனே எழுதிவிட்டேன். எழுதத் தெரிந்தால் இது ஒரு வசதி.

உன் கிணற்றடி முல்லையில் ஓர் இலை பறித்து உறைக்குள் வைத்து அனுப்பு. உறையில் வைக்கலாமாம். பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா,
வடிவேல்


வி. மாமந்தூர்
9-1-2002

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே நலம். பொங்கல் வேலை. நீங்கள் சொன்ன எண்ணெய் கொஞ்சம் கேட்கிறது என்கிறார். டெல்லிக் குளிரில் மப்ளர் இல்லாமல் வெளியே உட்கார வேண்டாம்.

உங்கள் படங்களைப் பார்த்தேன். முதல் இலை குண்டுமல்லி, சந்தேகமே வேண்டாம். இரண்டாவது பிச்சி. மொட்டுக்கு அடியில் ரோஸ் நிறம் ஓடும், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். மூன்றாவது காக்கட்டான் மாதிரி தெரிகிறது. அதுவும் தனி இலைதான், மயிரும் இருக்கும். பூ நிறையப் பூக்கும், வாசம் மட்டும் குறைச்சல்.

முல்லை மூன்றிலும் இல்லை. காது இல்லாமல் முல்லை கிடையாது.

"சாந்தா, தண்ணி போதுமாடி" என்று அக்கா எந்த மாதிரிக் குரலில் சொல்வாள்? கோபமாகவா?

இலை அனுப்பத் தோதுப்படவில்லை.

சாந்தகுமாரி


மோதி பாக்
27-1-2002

அன்புள்ள சாந்தாவுக்கு,

கோபமாக இல்லை. கோபமாக இருந்தால் நான் அந்த வீட்டில் ரேடியோ கேட்டிருக்க முடியுமா? தூங்குகிற பிள்ளையின் போர்வையைச் சரி செய்கிறவள் மாதிரி மெதுவாகச் சொல்வாள். சில நாள் ரொம்ப நேரம் பேசுவாள். ரயில் வந்து சேராத கதை, அம்மா கதை, இந்த ஊர்க் கதை. அப்போதும் நான் முழுசாகக் கேட்கவில்லை. எல்லாம் பாதி பாதியாக, தூக்கத்தில் கேட்ட மாதிரி இருக்கிறது.

நான் நாளைக் காலையில் கிளம்புகிறேன். சேஷன் சார் வீட்டுச் சாமான் நேற்றே லாரியில் போய்விட்டது. வத்சலா அம்மா போகும்போது எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். அதில்தான் எழுதுகிறேன், எழுத்து நன்றாக இருக்கிறதா?

முல்லை இல்லை என்று நீ எழுதியதும் மனசு விட்டுப் போச்சு. அப்புறம் நானே யோசித்தேன். வாசலை ஒட்டி இருப்பது பிச்சி. முத்தம்மா வாசலில்தானே அதிகம் நிற்பாள்? அதையே எடுத்துக்கொண்டேன். மற்ற இரண்டையும் தொட்டியோடு பக்கத்துக் குவார்ட்டர் சுஷ்மாவிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இங்கேயே வளர்ந்த பெண், கொஞ்சம் தமிழ் பேசுவாள். "அச்சா சாச்சா, நான் பார்த்துக்கறேன், நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றாள்.

ஒன்று மறந்துவிட்டேன். "குடுத்த மாதிரிதான்" என்று அவள் சொன்ன அன்று, இன்னொன்றும் சொன்னாள். உங்கள் அம்மா சொல்வார்களாமே, பூச்செடிக் கொம்பைக் கேட்டு வாங்கி வைத்தால் பிடிக்காது, தெரியாமல் ஒடித்து வந்து வைத்தால்தான் வேர் விடும் என்று. அப்போது அவள் ஏன் அதைச் சொல்லிச் சிரித்தாள் என்று தெரியவில்லை. உனக்குத் தெரியுமா?

புது விலாசம் கீழே எழுதியிருக்கிறேன்.

மாமா,
வடிவேல்


வி. மாமந்தூர்
12-3-2002

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

நலம். புது இடத்தில் மாடி ஏறி இறங்குவது கஷ்டமாக இல்லையே? முருகனையும் மருமகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அம்மா அப்படிச் சொல்வது உண்டுதான். எங்கள் வீட்டில் இருந்த எல்லாப் பூச்செடியும் ஊரார் வீட்டிலிருந்து அம்மா ஒடித்து வந்தவைதான். ஊரார் எங்கள் வீட்டில் ஒடிப்பார்கள். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் மரியாதை.

அம்மா செத்த அந்தத் தடவை அக்கா ஒரு நாள் விடியற்காலையில் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிப் போய்விட்டாள். எழுந்து தண்ணீர் இறைக்கப் போனேன். முல்லையில் ஒரு கொம்பு ஒடிந்திருந்தது. பால் மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது ஒடிந்த இடம். பக்கத்து வீட்டு ஆட்டை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அந்த வீட்டுக்காரிக்கும் எனக்கும் ஆறு மாசம் பேச்சில்லை.

மாமா, நான் உங்களுக்கு அரைகுறையாக எழுதிவிட்டேன். கண்ணை மூடி நன்றாக நினைத்துப் பார்த்தேன். காது எல்லா இலையிலும் இருக்காது. முதிர்ந்த இலையில் உதிர்ந்துவிடும், சிலதில் வரவே வராது. அப்போது பார்த்தால் காக்கட்டான் மாதிரிதான் தெரியும். பங்குனியில் அடியிலிருந்து புதுத் துளிர் வரும். அதில் பார்த்தால் காது இருக்கும். மார்கழியில் நீங்கள் பழைய இலையைப் பறித்துப் படம் போட்டீர்கள். நானும் யோசிக்காமல் அது முல்லை இல்லை என்று எழுதினேன்.

அந்த மூலைச் செடி இப்போது எங்கே இருக்கிறது? சுஷ்மா தண்ணீர் ஊற்றுகிறாளா? உடனே போய்ப் பாருங்கள். உடனே எழுதுங்கள்.

சாந்தகுமாரி


திரிலோக்புரி, டெல்லி
24-3-2002

அன்புள்ள சாந்தாவுக்கு,

சுகம், சுகம், சுகம். சகலைக்கும் சொல்.

உன் கடிதம் வந்த மறுநாளே பிச்சித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் வாங்கச் சொன்னான். "குழந்தைப்பா" என்றேன். சிரித்துவிட்டு விட்டுவிட்டான்.

மோதி பாக்கில் எங்கள் குவார்ட்டர் பூட்டிக் கிடக்கிறது. சுஷ்மா வீட்டு முன்னால் இரண்டு தொட்டியும் இருந்தன. மூலைச் செடியின் அடியிலிருந்து நாலைந்து துளிர், சிவப்பும் பச்சையுமாக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சாந்தா, காது! ஒவ்வொரு இலைக் காம்பிலும் இரண்டு பக்கமும் குட்டிக் குட்டியாக. இத்தனை வருஷம் அவள் பேசியதெல்லாம் அதற்குக் கேட்டுத்தான் இருக்கும்.

சுஷ்மா வெளியே வந்தாள். "அரே சாச்சா, கீழ ஏன் உக்காந்திருக்கீங்க? சக்கர் வந்துடுச்சா, தலை சுத்துதா?"

"ஒண்ணுமில்லம்மா. இந்தத் தொட்டி எனக்கு வேணும். அதுக்குப் பதிலா இதை வச்சுக்கோ."

"குடுத்ததைத் திருப்பிக் கேக்கறீங்களா? ரெண்டு மாசமா நான்தான் பானி ஊத்தறேன்!"

"இது என் கொழுந்தியா வீட்டுச் செடிம்மா. என் சம்சாரம் கொண்டுவந்தது."

"அதான் தெரியுமே" என்றாள். "முத்தம்மா தீதி தினம் சாயந்திரம் இதுகிட்டதானே நிப்பாங்க. சாந்தா சாந்தான்னு சொல்லிட்டே இருப்பாங்க. நான் ஏதோ மந்திரம்னு நினைச்சேன்."

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? செடியைக் குடுத்தீங்க, நானும் வாங்கிக்கிட்டேன்."

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. சின்னசேலத்துக்கும் அப்பால் இருக்கிற உன்னிடம் ஐந்து மாதம் கடிதம் எழுதிக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவளிடம் கேட்கவில்லை. ஆனால் அவளிடம் கேட்டிருந்தால் நீ எனக்கு எழுதியிருக்க மாட்டாய், இல்லையா?

பிச்சியை வாங்கிக்கொண்டாள். "சமேலி! இது இன்னும் அச்சா" என்றாள். நான் சாந்தாவை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தேன். இப்போது ஜன்னல் பலகையில் இருக்கிறது. நேற்று மருமகளே தண்ணீர் ஊற்றிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, "போதுமா?" என்று கேட்டாள்.

இப்போதாவது உன் கிணற்றடியிலிருந்து ஓர் இலை அனுப்பு. அக்கா தங்கை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

மாமா,
வடிவேல்


வி. மாமந்தூர்
20-5-2002

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி நலம். அங்கேயும் அனல் காற்று அடிக்கும் என்று அக்கா சொல்வாள். மத்தியானம் வெளியே போகாதீர்கள்.

இரண்டு தடவை இலை கேட்டுவிட்டீர்கள். அனுப்ப இலை இல்லை மாமா. கிணறு வறண்டு பல வருஷம் ஆகிறது. முல்லையும் அதோடு போய்விட்டது. குடிக்கவே தண்ணீர் இல்லாத நாளில் செடிக்கு ஊற்ற முடியவில்லை. அடிக்கட்டையைக்கூட அடுப்புக்கு வெட்டிவிட்டோம். உங்களுக்கு எழுதியதெல்லாம் நினைவில் இருந்துதான் எழுதினேன். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் நாளாயிற்று. இலையின் ஒவ்வொரு பக்கமும் மெதுவாகத்தான் நினைவுக்கு வந்தது. அக்கா முகமும் அப்படித்தான்.

அம்மா வைத்த செடி. போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

போன வருஷம் பஞ்சாயத்தில் போர்வெல் போட்டார்கள். இப்போது தண்ணீர் வருகிறது. ஊருக்கு வருகிறவர்கள் யாராவது இருந்தால், ஒரு சின்னக் கொம்பு, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புவீர்களா?

சாந்தகுமாரி


திரிலோக்புரி, டெல்லி
16-6-2002

அன்புள்ள சாந்தாவுக்கு,

நாங்கள் சுகம். நேற்றுச் சாயந்திரம் புழுதிக்காற்று அடித்து, பின்னாலேயே நாலு சொட்டு மழை. இன்று காலையில் ஜன்னலைத் திறந்தால் ரூம் பூராவும் முல்லை வாசனை. மெல்லிசாக, ஊசி மாதிரி மொட்டுகள். கீழ் மாடியில் இருக்கிற ஜனங்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிறார்கள். நான் ஜன்னலில் உட்கார்ந்து, நீ எழுதிய எல்லாக் கடிதத்தையும் அதற்கு உரக்கப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

கொம்பு கேட்டிருந்தாய். தர மாட்டேன்.

கேட்டு வாங்கின கொம்பு பிடிக்காது என்று உனக்குத் தெரியாதா? உங்கள் அம்மா சொன்னது. உன் அக்காவும் அதைச் செய்துதான் காட்டினாள். நான் கொடுத்து அனுப்பி, அது அங்கே பட்டுப் போனால் யார் பொறுப்பு?

அதனால் இப்படிச் செய். நீயும் சகலையும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் பிடித்து வாருங்கள். முருகன் ஸ்டேஷனுக்கு வருவான். அவர் முழங்கால் வலியோடும் இரண்டு மாடியும் மெதுவாக ஏறலாம், நானே ஏறுகிறேன். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். அக்காவைப் பற்றி நீ பேசு, நான் முழுசாகக் கேட்கிறேன்.

மத்தியானம் சாப்பிட்டதும் ஜன்னலுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வேன். ரேடியோவைப் பெரிதாக வைப்பேன். துணிக்கொடியில் ஈரத்துணி கிடக்கும். டிபன் கேரியர் மேல் அடுக்கு காலியாக இருக்கும். புதுத் துளிர் வேண்டாம், கொஞ்சம் முற்றின கொம்பாகப் பார்த்து ஒடி. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். அதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

ஊருக்குக் கிளம்புகிற அன்று மட்டும் என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போ.

கதவைத் தாழிடாமல் வைத்திருக்கும்,
உன் மாமா
வடிவேல்